மீட்டரில் பதினான்கு

பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடியும் பதினான்கு.

பேருந்து கட்டும் கம்பெனிக்காரர்கள், ஒட்டியதை இழுத்துப் பிரிக்கத் தேவைப்படும் பலம் எட்டு வந்தால் போதும் என்றுதான் கேட்டிருந்தார்கள். பேருந்துக் கூரையின் உள்பக்கம் பிளாஸ்டிக் பலகைகளை ஒட்டுவதற்கு, மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாத ஒரு பசை. மூன்று வருடமாக நான் கலக்கிக்கொண்டிருப்பது. ஐந்து வரும், ஆறு வரும், நல்ல நாளாக இருந்தால் ஏழு வரும். போன மாதத்திலிருந்து திடீரென்று பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. இன்றைக்கும் பதினான்கு. நான் எதையும் மாற்றவில்லை. அதே பாலிமர், அதை இறுக வைக்கும் அதே ஹார்டனர், கலக்குகிற கையும் அதே கைதான். புதிதாக வந்த மூட்டை நல்ல மூட்டையாக இருக்கும் என்கிறார் மேனேஜர்.

எல்லோரும் கை கொடுத்தார்கள். ஃபோம் பிரிவிலிருந்து என் சிநேகிதி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். (அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நுரை. அவ்வளவு சீக்கிரம் பொங்குவாள்.) எனக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. சும்மா வருகிற எதையும் நான் நம்பியதில்லை.

பிப்ரவரி 4, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூன்று வருடமாக ஏறவில்லை என்று புலம்பினாய், இப்போது ஏறிவிட்டது என்று புலம்புகிறாய் என்று சிரித்தார். அப்புறம், "நீ செய்யறது பசை. ஆனா நீ யார்கூடயும் ஒட்ட மாட்டே" என்றார்.

இவர் எதற்கு இன்றைக்கு இவ்வளவு உற்சாகமாக இருக்கிறார்?

பிப்ரவரி 6, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். பசையை நான் கலந்து டப்பாவில் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாம் மாமியார் கையில்.

மாமியார் என்றால் என் மாமியார் இல்லை. பரிசோதனை அறையில் இருப்பவர், ஐம்பது வயது, பெரிய மீசை. நாங்கள் ஒட்டுவதை இழுத்துப் பிரிப்பதுதான் அவருக்கு வேலை என்பதால் லேபில் அந்தப் பெயர் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள், அவரும் மீசையைத் தடவிக்கொண்டு ரசிப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தகட்டில் என் பசையைப் பூசுவது அவர், அதன்மேல் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டுவது அவர், ஒரு ராத்திரி இறுக விட்டு மறுநாள் இயந்திரத்தில் மாட்டி இழுப்பதும் அவர். எவ்வளவு பலத்தில் பிய்கிறதோ அதை மீட்டரில் பார்த்து எழுதுவதும் அவரேதான். நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவர் எழுதுகிற எண்தான் மீட்டரில் வந்த எண் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பிப்ரவரி 9, திங்கள்

பேருந்து ஆர்டர் கிடைத்தால் பரிசோதனை அறைக்குப் புது இயந்திரம் வருகிறதாம், மாமியாருக்குப் பதவி உயர்வாம். நுரை சந்தோஷமாகச் சொன்னாள். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஓஹோ.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று மாமியார் கையில் சாம்பிள் தட்டோடு என் நீள மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார். முன்பெல்லாம் சாம்பிள்களை அந்த மேஜையில்தான் அடுக்குவார்கள். போன மாதம் யாரோ என் ஹார்டனர் டப்பாவை மூடாமல் விட்டு முழு டப்பாவும் கல்லாகிப் போனது. அன்றைக்கே, 'இங்கே யாரும் எதையும் வைக்கக்கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டேன். லேப் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தவும் செய்தேன். அதிலிருந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இவர் இன்றைக்கு எதற்கு வந்தார்? எதைப் பார்த்தார்?

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேனேஜருக்கு 'சரிசரி' என்று பெயர். எதைச் சொன்னாலும் சரி சரி என்பார். இதற்கு மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல எண் வரும்போது யாராவது புகார் கொடுப்பார்களா என்று என்னையே வித்தியாசமாகப் பார்த்தார். ஒரு பேருந்தில் அறுபது பேர் போவார்கள், பலகை பெயர்ந்து தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது. மாமியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்தவர் முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். கேலி இல்லை என்று புரிந்ததும் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இழுத்தேன், வந்துச்சு, எழுதினேன். வேற என்ன சொல்லணும் தங்கச்சி?"

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சத்தம்கூடப் போடவில்லை. தப்பு செய்யாதவன் சத்தம் போட மாட்டானா?

பிப்ரவரி 13, வெள்ளி

அவர் மனைவி பேக்கிங் பிரிவில் இருக்கிறார். சாப்பாட்டு அறையில் என் எதிரில்தான் உட்கார்ந்தார். தண்ணீர் ஜாடியை நகர்த்தித் தந்தேன். எழுந்து போய்க் குழாயில் பிடித்துக்கொண்டார்.

குடிக்க வேண்டாமே. எனக்கென்ன.

பிப்ரவரி 17, செவ்வாய்

மிச்சமிருந்த அதே பசையை நேற்று நானே கலந்து, நானே பூசி, என் மேஜையிலேயே இறுக விட்டேன். இன்று இயந்திரத்தில் மாட்டி இழுத்தேன்.

ஆறு. இன்னொன்று, ஆறு. மூன்றாவது ஐந்தரை.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் சொன்னேனா இல்லையா! ஓட்டமும் நடையுமாக மேனேஜர் அறைக்குப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது: அவர் பொய்யர் என்றால் என் பசை வெறும் ஆறு. மூன்று வருட உழைப்பு ஆறு. கழிவறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னேன். சரிசரி தலையில் கை வைத்துக்கொண்டார். எதற்கும் வேறொரு ஆளை வைத்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நுரையிடம் வேலையை ஒப்படைத்தார். அவளுக்கு அந்த இயந்திரம் பழக்கம்.

பிப்ரவரி 19, வியாழன்

நுரைக்குப் பதிமூன்று வந்திருக்கிறது.

அதே டப்பாவிலிருந்து எடுத்தது!

"பாத்தியா, நான் அப்பவே நெனச்சேன்" என்று எல்லோர் முன்னாலும் பொங்கினாள். நான் இழுத்த விதத்தில்தான் ஏதோ கோளாறாம். இருபத்திரண்டு வருடமாகப் பசை கலக்குகிறவளுக்கு இழுக்கத் தெரியாதாம்.

அவளும் மாமியார் மனைவியும் தினமும் ஒரே வண்டியில் வருகிறவர்கள். எனக்கு இது இத்தனை நாள் ஏன் தோன்றாமல் போனது? பாவம் பார்த்து அவரைக் காப்பாற்றுகிறாள். என்னோடு பதினைந்து வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

ராத்திரி இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நுரையை இன்னொரு தடவை செய்யச் சொல்லியிருக்கிறார் சரிசரி. சாயங்காலம் ஒட்டி வைத்துவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் இழுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் எதையாவது செய்தால்தானே எண் ஏறும்? விடிந்ததும் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

எப்படி எழுதுவது?

நான் போனபோது பெயிண்ட் பிரிவின் இரவு ஷிப்ட் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனை அறையைத் திறந்தேன். மேஜைமேல் தட்டு இல்லை. அலமாரியிலும் இல்லை. ஒளித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், மூலையில் பெயிண்ட் பூசிய தகடுகளைக் காய வைக்கும் பெரிய ஓவன் இருக்கிறதே, அதன் தலையில் ஒரு மரப்பலகை, பலகைமேல் தட்டு. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்.

சூடாக இருந்தது. பிரசவித்த பூனையின் வயிறு மாதிரி, கதகதவென்று.

பெயிண்ட் பிரிவுக்காரர்களை ஓடிப்போய்க் கேட்டேன். பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறதாம். போன மாதத்திலிருந்து ராத்திரி முழுக்க ஓவன் ஓடுகிறது, விடிந்ததும் அணைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் தட்டை வைக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும், பத்து மணிக்கு எடுக்கும்போதும் ஆறிப் போயிருக்கும். யாருக்கும் தெரிய வழியே இல்லை. ராத்திரி முழுக்கச் சூட்டில் இருந்தால் என் பசை எப்படி இறுகாமல் போகும்? பதினான்கு வராமல் என்ன செய்யும்? பேருந்து ஷெட்டில் யார் ஓவன் வைத்திருக்கிறார்கள்?

நுரை வந்தாள். தட்டோடு நின்ற என்னைப் பார்த்து என்ன என்றாள். இதை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"வேற எங்க வெக்கிறது? இங்க இருக்கிற மேஜை இயந்திரத்துக்கே பத்தல. உன் மேஜைல வெச்சா நீ கடிச்சுக் குதறிடுவே. அவரும் பாவம் அன்னைலேருந்து அங்கதான் வெச்சிட்டிருக்காரு."

அன்னைலேருந்து.

நான் காகிதம் ஒட்டிய நாளிலிருந்து. எண் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து. அவர் அன்றைக்கு என் மேஜைப் பக்கம் தட்டோடு நின்றது இடம் கேட்கத்தான். கேட்க வாய் வராமல் போயிருக்கிறார். ஐயோ, நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 22, ஞாயிறு

நுரைக்குச் சூடு விஷயம் தெரியாது. தட்டு ஆறிய பிறகுதான் அவள் தொட்டாள். நேற்று இழுக்கவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி நான்தான் தள்ளி வைத்தேன். பேசாமல் ஓவன்மேல் தட்டு வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். எண் ஆறுக்கு இறங்கிவிடும். பலகை யார் தலையிலும் விழாது. அவர் பொய் எழுதினார், நுரை உதவினாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

இதை எழுதுகிறபோதே கை கூசுகிறது.

பிப்ரவரி 23, திங்கள்

சரிசரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் மேஜை உட்பட. பேருந்துக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். பசை இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள், தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள் என்றேன். சரி, சரி என்றார். மாமியாரைக் கூப்பிட அவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம். நானே போய்ச் சொல்ல வேண்டுமாம்.

நுரை என்னோடு பேசவில்லை. அவளைச் சந்தேகப்பட்டதையும் சொல்லிவிட்டேனே, அதனால்.

பிப்ரவரி 24, செவ்வாய்

போனேன். மாடி வீடு, குறுகலான படி. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். வேறு யாரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ஓவனைச் சொன்னேன். மேஜையைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். நீங்கள் பொய் எழுதவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று முடித்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக மூடியில் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நான் பொய் எழுதலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்."

மேடம். இருபது வருடத்தில் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் மனைவிதான், திங்கட்கிழமை வருவார் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மார்ச் 2, திங்கள்

வந்தார். எல்லோரும் கை கொடுத்தார்கள். யாரோ பழக்கத்தில் மாமியார் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். காகிதத்தை மேஜையிலிருந்து கிழித்துவிட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

பரிசோதனை அறையில் இப்போது ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறார். அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார், தன் கைக்காசில். ஒவ்வொரு சாம்பிளை இழுக்கும்போதும் என்னைக் கூப்பிடுகிறார். மீட்டரை நான் பார்க்க வேண்டும், நான் படிக்க வேண்டும், அதை அவர் எழுதுவார், கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம், நீங்களே எழுதுங்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன்.

"எனக்கு வேணும் மேடம்" என்றார்.

ஏப்ரல் 15, புதன்

ஏழு.

நுரை இன்று என் மேஜையில் அவளுடைய ஃபோம் துண்டுகளைக் கொண்டுவந்து பரப்பினாள். வேண்டுமென்றேதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். கடைசியில் அவளே, "என்ன, கடிக்கலையா?" என்றாள். அப்பாடா, பேசிவிட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

ஹார்டனரை மாற்றி மூன்று மாதமாக அலைந்ததற்கு இன்றுதான் பலன். எல்லோர் கண்ணெதிரே, சாதாரண அறைச் சூட்டில் இறுகிய சாம்பிள். அவர் மாட்டினார், நான் மீட்டர் பக்கம் நின்றேன். எட்டைத் தாண்டியது. ஒன்பதைத் தாண்டியது. பதினொன்றில் பிய்ந்தது.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கே தேடியும் வரவில்லை. வாயெல்லாம் பல்லாக அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பிய்ந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தகட்டின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். வெப்பமானியிடம் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துவிட்டு வந்தார். என்ன ஆயிற்று, நல்லாத்தானே வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "அதான் பயமா இருக்கு."

இன்னொன்றை எடுத்து மாட்டினார். மாட்டியதை மறுபடி கழற்றி, அதன் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தார்.