வார்ணம்பூலுக்குப் போவதா விடுவதா

யேசு மரி சூசை

மல்கிரேவ்,
மெல்பேர்ன்.
கார்த்திகை மாதம், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் டில்ஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீ அந்தக் கிளாஸ்கோ குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று விடியவும் படுக்கவும் மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், பிறகு அங்கே மழையா வெயிலா என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. இன்றைக்கு அவர் வெளியே போயிருக்கிறார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழ அழ உன்னைக் கொண்டுபோய் விட்டதற்கு இதையாவது முழுக்க வாசி.

அப்பா வேலை செய்யும் பால் தொழிற்சாலையை வருகிற வருடம் மூடப்போவது உனக்குத் தெரியும். வார்ணம்பூலில் உள்ள தங்கள் மற்றத் தொழிற்சாலைக்கு வர விருப்பமானவர்கள் இந்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நீ பள்ளிக்கூடத்தோடு திமிங்கிலம் பார்க்கப் போனாயே, காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், அந்தக் கடற்கரை ஊர்தான். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் புது இடத்தில் போய் வேலை தாருங்கள் என்று கேட்க அப்பாவுக்கு வாய் வராது, கேட்டாலும் கொடுக்கிறவர்கள் குறைவு. நாங்கள் என்ன செய்யட்டும் பிள்ளை என்று உன்னைக் கேட்டதற்கு, அப் டு யூ கைஸ் என்று ஒரு வரியும் ஒரு சிவப்பு இதயமும் அனுப்பினாய். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்.

அப்பாவுக்குப் போக நல்ல விருப்பம். வாயால் சொல்லமாட்டார், ஆனால் அந்த ஊர் வீடுகளைப் போனில் பார்த்துக்கொண்டு சாப்பாட்டை ஆறவிடுகிறார். வேலை தொடரும், வீடும் வேலையும் பக்கம் பக்கம், ஃப்ரீவேயில் நின்று நின்று ஆயுளைக் கழிக்கத் தேவையில்லை, மீன் படகிலிருந்து இறங்கியதும் வாங்கலாம், இந்த வீட்டை விற்றால் அங்கே வசதியாக ஒன்று வாங்கலாம் என்கிறார். எல்லாம் சரிதான். என் பக்கத்தையும் கேள். தமிழ்ப் பூசை இல்லை, சிவப்பரிசி மாவும் கருவாடும் இல்லை, முழங்கால் டொக்டரிடம் வருவதென்றால் ஒரு நாள் போய்விடும், காற்றடித்தால் கொடியில் துணி நிற்காதாம். இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்குப் பெரிய கவலை எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு அங்கே ஆர் வரப்போகிறார்கள் என்பதுதான். இங்கே காய்ச்சல் என்றால் நிரூபா அன்ரி ரசத்தோடு வந்து நிற்பாள். அங்கே செத்தாலும் நாலு பேர் வரமாட்டினம் என்று அப்பாவிடம் சொன்னேன். செத்த பிறகு வந்த ஆக்களை நீரே எண்ணிப் பாக்கப் போறீர் என்று கேட்டார். இந்த மனுசனோடு கதைத்து வெல்ல முடியாது.

இனித்தான் விஷயம். ஐப்பசி செபமாலை மாதத்தில் மாதா சுருவம், அந்தச் சின்னச் சிலை, எங்கள் ஆட்களிடையே வீடு வீடாகப் போகும், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டில் ஓர் இரவு, அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, எல்லோருமாக அங்கே செபமாலை சொல்ல வேண்டும். இம்முறை எங்களிடம் வந்த மாதாவைச் சனி பின்னேரம் லக்சிகாவிடம் கொடுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளை, முதல் முறையாகத் தன் வீட்டுக்கு மாதா வருகிறாள் என்று ஊரையே அழைத்துவிட்டாள். அதே சனிக்கிழமைதான் குடும்பத்தோடு வந்து இடத்தைப் பாருங்கள் என்று தொழிற்சாலைக்காரரும் கூப்பிட்டார்கள். விடிய வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார் அப்பா. வீட்டுக்கு வந்த மாதாவைப் பூட்டிய வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பின் சீட்டில் தலையணை வைத்து இருத்தி, பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோய்விட்டேன்.

தொழிற்சாலையைப் பார்த்தோம், கடலைப் பார்த்தோம், திரும்புவோம் என்று வந்து ஏறினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கராஜ்காரன் இனித் திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினான். பார்த்தீரா உம்முடைய சின்ன நகரத்தின் லட்சணத்தை என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் லக்சிகாவின் போன். அன்ரி, மாதா எங்க, ஆக்கள் எல்லாம் வந்திட்டினம், பற்றீஸ் ஆறுது என்கிறாள். மாதா வார்ணம்பூலில நிக்கிறா பிள்ளை என்றேன். அவளுக்குப் பின்னால் ஆரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பாவம், பூ வைத்த வெறும் மேசைக்கு முன்னால் இருந்து செபம் சொன்னார்களாம். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

இரவு தங்கப் போன மோட்டலில் சாவி தந்தவள் ரோஸலி என்ற பிலிப்பீன்ஸ் பெண். அப்பா சுருவத்தைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்டதும் எழும்பிச் சிலுவை போட்டாள். நடந்ததைச் சொன்னோம். மாதாவை மோட்டலில் படுக்க வைக்க விடமாட்டேன், என் வீட்டுக்கு வாருங்கள் என்று அப்போதே தன் கடமைக்கு வேறோர் ஆளை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போதே ஆருக்கெல்லாமோ போன் எடுத்தாள். நாங்கள் மெழுகுதிரி கொளுத்தி முடிக்க முன்னம் வீடு நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி உடுப்போடு மலையாள நேர்ஸ்மார், ரோஸலியின் ஆட்கள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், ஆளுக்கொரு சட்டியோடு வந்தார்கள். கடைசியாக ஒரு பெடியனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். பெயர் துஷாந்த், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, எங்கள் மன்னார்ப் பிள்ளை, பேசாலை. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் ஒவ்வொரு பாஷையில் சொன்னோம். எங்கள் முறை வந்தபோது அந்தப் பெடியன் பெரிய குரலில் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டான், மற்றப் பாதியை நானும் அவன் மனைவியும் சொல்லி முடித்தோம்.

சாப்பிடும்போது கேட்டேன், என்ன தம்பி அழுதனீர் என்று. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அன்ரி தமிழில வாய்விட்டுச் செபம் சொன்னனான் என்றான். மனைவி தலையைக் குனிந்துகொண்டு, எனக்குப் பிள்ளை பிறக்கேக்க பக்கத்தில ஒரு பொம்பிளை இல்லை அன்ரி, நீங்க இஞ்ச வருவியளோ என்று கேட்டாள். நான் அவள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் என் வீட்டுக்கு ஆர் வருவார்கள் என்று கேட்டுக் கேட்டு அப்பாவின் உயிரை எடுத்தேனே, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆர் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அன்றிரவு முழுக்க அதே யோசனை.

திங்கட்கிழமை கார் சரி வந்தது, மாதாவை லக்சிகாவிடம் ஒப்படைத்து அவளிடம் நல்ல பேச்சும் வாங்கினேன். நேற்று அப்பாவிடம் போவோம் என்று சொன்னேன். கேட்காதவர் மாதிரி என்ன சொன்னனீர் என்றார், திரும்பவும் சொல்ல வைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மெல்பேர்ன் கூட்டிவர வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறேன். காற்றையும் கருவாடு இல்லாததையும் எப்படியோ சமாளிக்கலாம்.

ஆனால் டில்ஷா, ஒன்றை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். மல்கிரேவ் என்றால் விமானத்தால் இறங்கி ஒரு டாக்ஸி பிடித்தால் வந்துவிடுவாய். உன் சிநேகிதப் பிள்ளைகள் இங்கே, நீ வளர்ந்த அறை இங்கே. அப்படி இருந்தும் நீ வந்து கனகாலம். அங்கே என்றால் இறங்கிய களைப்போடு இன்னொரு நீட்டு ரயில், போய்ச் சேர்ந்தால் உனக்குப் பழக்கமில்லாத வீடு. வராமல் விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை, உன் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வருவேன் என்றால் அப்படி எழுது, கஷ்டம் அம்மா என்றால் அதையும் எழுது, இரண்டையும் தாங்குவேன். ஒன்றும் எழுதாமல் விடுவதைத்தான் தாங்கமாட்டேன்.

வெயில் இல்லாத ஊர், விட்டமின் குளிசையை மறக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் நெற்றியில் சிலுவை அடையாளம் வைத்து முத்தமிடுகிறேன். மடுமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அப்பா வந்துவிட்டார், தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம். கடிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு கீழே மட்டும் இடம் விடுகிறேன்.

உன் அன்பு அம்மா,
மாக்கிறேட்

மகள், மேல அம்மா என்ன எழுதினவ எண்டு எனக்குத் தெரியாது, பாக்க விடுறா இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு அறை காணும் எண்டு வீட்டு ஏஜென்டுக்கு நான் சொன்னனான். அம்மா போனைப் பறிச்சு, இல்லை மூண்டு வேணும், மற்றது என்ர மகளின்ர எண்டு சொல்லிப்போட்டா. அப்பா.