சந்தியில் வைத்த கணவாய்க்கறி

ஜூன் 3, 2024, திங்கள்

ஈச்சிலம்பற்றில் கரையொதுங்கிய உடல் சுகிர்தனுடையது அல்ல. திடீர் மரண விசாரணை அதிகாரி காலையில் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவராம். செய்தியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

மார்கழிக் கடலில் படகு கவிழ்ந்து ஒன்றரை வருடம். படகு கரைக்கு வந்தது, மகன் வரவில்லை. உடல் கிடைக்காமல் ‘இறந்தார்’ என்று எவரைப் பற்றியும் நான் எழுதியதில்லை. என் பிள்ளையை மட்டும் ஏன் எழுத வேண்டும்?

வீட்டில் இவர் மறுபடியும் கேட்டார். “எட்டாம் நாள் வைக்காத படையலை இப்பவாவது வைப்பம், மலர். பிள்ளை பசியோட நிக்கும்.” இத்தனை வருடத்தில் என்னிடம் கெஞ்சாத மனிதர். நான் எழுந்து குசினிக்குப் போனேன்.

ஜூன் 11, செவ்வாய்

துறைமுகத்துக்கு அருகே ஒரு பழைய வீட்டில் பேய்ப்படம் எடுக்கிறார்கள். செய்திக்காகப் போனேன். இயக்குநர் ஷிஃபானா, கிண்ணியாப் பிள்ளை. கதையைச் சொன்னாள். கடலில் இறந்த மகனுக்குத் தாய் எட்டாம் நாள் படையல் வைக்கவில்லை. பொழுதுபட்டால் அவன் ஈரத்தோடு வாசலுக்கு வருகிறான். தாய் சந்தோஷமாகக் கதவைத் திறக்கிறாள். வரவர அவன் மெலிகிறான்.

“பேயைப் பார்த்து ஆரும் பயப்பட மாட்டாங்க, அன்ரி. அந்தத் தாயைப் பார்த்துத்தான்.”

பேனாவை மூடினேன்.

ஜூன் 12

எங்கள் வாசலுக்கும் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவளுக்கு யார் சொன்னது? மெலிகிறான் என்று ஏன் எழுதினாள்?

ஜூன் 20, வியாழன்

படையல் காட்சிக்கு ஒத்திகை. பிழை பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். இலையில் மோதகம், வடை, பாயசம்.

“இதென்ன, பிள்ளையாருக்கோ?” என்றேன். “செத்த ஆளுக்குப் பிடிச்சதைத்தான் வைக்கிறது. மச்சம், மீன் இறைச்சியும் வைக்கலாம்.”

“அப்ப இந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், அன்ரி?”

“கணவாய்க்கறி. புட்டு. கருகின அப்பளம்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீங்களே சமைச்சுத் தருவீங்களா என்றாள். ஓம் என்றேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 22, சனி

கணவாய் மை கழுவும்போது இவர் குசினி வாசலில் வந்து நின்றார். சுகிர்தன் போன பிறகு இந்த வீட்டில் கணவாய் இல்லை.

“ஆருக்கு?”

“படத்துக்கு.”

தேங்காயை எடுத்துத் துருவினார். அப்பளம் ஒன்றைக் கருக விடுங்கோ என்றேன். “தெரியும்” என்றார்.

காட்சி ஒரே தடவையில் முடிந்தது. லைட் பிடிக்கிற ரிஷாத், “அன்ரி, வாசம் ஆளைக் கொல்லுது. பேய் சாப்பிடாட்டி எனக்குத் தாங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவன் கை இலைக்கு வந்தது.

“தொடாதை!” — கத்திவிட்டேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

படையலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும். ஆனால் இது படம்தானே? படம்தானே? இலையை மடித்து எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த இவரின் மோட்டார்சைக்கிளடிக்குப் போனேன்.

“வீட்டையோ?” என்றார் இவர்.

“சந்திக்கு விடுங்கோ.”

வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஏறும்போதுதான் கண்டேன், பக்கக் கண்ணாடி இரண்டையும் அவர் மடக்கி வைத்திருந்தார்.

ஜூன் 23

தாழ்ப்பாள் போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஐயரிடம் போனோம். இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

உடல் இன்னும் கிடைக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை கன்னியா வெந்நீரூற்றில். இராவணன் தாய்க்குச் செய்த இடம் என்பார்கள். நாங்கள் மகனுக்கு. ஜூலை 5, அமாவாசை, காலை.