தரங்கவல்லி காற்று பார்த்தாள்

என் கண்ணு மோகனாவுக்கு,

திருவிழா மலரில் தரங்கவல்லியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் குப்பத்து நாடகத்தில் பதினோரு வருஷம் அந்த வேஷம் கட்டியவன் நான்தானே, அதனால் எனக்குத்தான் தெரியுமாம். எட்டாங்கிளாஸில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம். அவளைப் புரிந்துகொண்டது நம் வீட்டில் நீ ஒருத்திதான். உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்குக் கதை இவ்வளவுதான். தரங்கவல்லி ஏரிக்கரைத் தலைவனின் மகள். அக்கரை உப்பு வியாபாரியின் மகன்மேல் அவளுக்கு ஆசை. அப்பன் வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் கல்யாணம் என்கிறான். அன்று விடியுமுன் அவள் தனியாகப் படகெடுத்துப் போய் முகத்துவாரத்தில் கவிழ்ந்து சாகிறாள். ஊர் அவளைக் காதல் பித்து பிடித்தவள் என்கிறது. அப்பன் விதி என்கிறான். திரை விழுகிறது.

கையெல்லாம் வலை அறுத்த தழும்பு, முழங்கை வரை பவுடர், உன் அம்மாவின் கல்யாணப் புடவை. மீசையை எடுத்தால் ஒரு மாதம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். கரையில் பயல்கள், "வல்லியம்மா வருது, வழி விடுங்கடா" என்பார்கள். நானும் இடுப்பை ஒடித்து நடந்து காட்டுவேன். மேடையில் நான் அழுதால் மட்டும் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அதில் பெருமை.

அப்போது நீ பொன்னேரி காலேஜில் இரண்டாம் வருஷம். தமிழ் வகுப்புக்கு அவளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பழைய நாடக நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, நான் வலையிலிருந்து நண்டு கழற்றுகிற இடத்தில் உட்கார்ந்தாய்.

"நைனா, கடைசிப் பாட்டுல வாடை நின்னுபோச்சு, தென்றல் இன்னும் எழலனு பாடறாளே, அது இன்னா?"

"சோகம்மா. நெஞ்சுல கைய வெச்சு இழுத்துப் பாடணும்."

"சோகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்து பாக்கறா. ஒரு காத்து நின்னு இன்னொண்ணு எழறதுக்குள்ள தண்ணி சும்மா கெடக்கும்ல, அந்த நேரத்துல தாண்டிடலாம்னு கணக்குப் போடறா. தெனம் வானத்தப் பாத்துட்டுக் கடலுக்குப் போறவன் நீ. உனக்கு இது தெரியலையா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் அந்த வரியை நெஞ்சில் கை வைத்தே பாடியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் நானே அண்ணாந்து பார்த்துச் சொல்கிற பேச்சு அது. புடவை கட்டியதும் மறந்துபோயிற்று. விட்டுக்கொடுக்காமல் கேட்டேன்: "அவ்ளோ கெட்டிக்காரி ஏன் கவுந்தா?"

"நேரம் பத்தல. மொத நாளே கெளம்பியிருந்தா போய்ச் சேந்திருப்பா. ரெண்டு நாள் எதுக்கு உக்காந்திருந்தா? அப்பங்காரன் ஒருவாட்டி வந்து, உனக்கு சம்மதமானு கேப்பான்னு பாத்திருக்கா. அவன் வரல."

நான் சிரித்தேன். "உன் வாத்தியார் மார்க் போடமாட்டார்" என்றேன்.

அதே மாதம் மீன் ஏலம் போடுகிற இடத்தில் நின்றபடி உன்னைப் பேசி முடித்தேன். நல்ல குடும்பம். ஏரியில் முறை வைத்து வலை விடுகிற பாடு உரிமை அவர்களுக்கு இருந்தது. சொந்தமாக ஃபைபர் படகும் இருந்தது. மணல்திட்டில் இருக்கிற ஊர், ரோடு கிடையாது, படகில்தான் வரவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ எழுந்து உள்ளே போனாய். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அம்மா சொன்னாள். அதையும் வெட்கம் என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. எட்டாம் மாதம் உனக்கு ரத்தம் போனபோது ஓடிப்போய்ப் படகெடுத்தவர் அவர்தான். எதிர்க்காற்று. இக்கரை வந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது குழந்தையை மட்டும் காப்பாற்ற முடிந்தது. உன் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. கோபம் வந்தால் உன்னை மாதிரியே உதட்டை மடிக்கிறாள்.

போன வாரம் உன் மாமியாரும் அவர்கள் ஊர்ப் பெரியவரும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். உன் தங்கை கௌரியை மாப்பிள்ளைக்கே கொடுக்க வேண்டுமாம்.

"கொழந்தைக்கு சித்தின்னா ஒரே ரத்தம். வேற எவளோ வந்தா பாப்பாளா அண்ணே?" என்றார் உன் மாமியார்.

நம் பக்கத்தில் நடக்கிறதுதான். குழந்தையை என் மடியில் வேறு உட்கார வைத்துவிட்டார்கள். சரி என்கிற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. "பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "பொண்ணைக் கேக்கறியா? வேஷம் கட்டினவன் புத்தி போகுமா?" எழுந்து போகும்போது உன் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். "முடியாதுன்னா தட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் கொழந்தைய இங்க எதிர்பாக்காதீங்க."

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கௌரி காலேஜ் முடிந்து வந்து இறங்கினாள். வீடு வரை நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, உனக்கு இஷ்டமா என்று கேட்டேன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

"முடியாதுன்னா இன்னா பண்ணுவ நைனா?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"நீ கேப்பேன்னு அக்கா மூணு நாள் பாத்தா. எங்கிட்ட சொன்னா. நீ மேடையில அழுதா ஊரே பாக்கும். அவ அழுதது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

கொஞ்ச தூரம் போய், "கொழந்தைய எனக்கும் பிடிக்கும். கல்யாணம் முடியாது" என்றாள்.

அப்படியானால் உன் கட்டுரை யாரைப் பற்றியது, கண்ணு? சம்பந்தப் பேச்சு காதில் விழுந்து, நண்டு கழற்றிக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்த்தாயா? இல்லை, வாக்குக் கொடுக்கும் முன்பே என்னைத் தெரிந்து வைத்திருந்தாயா?

இந்த வருஷம் எனக்கு அப்பன் வேஷமாம். தொப்பை போட்டுவிட்டது, பொருத்தம்தான் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விதி என்கிற அந்த வசனம் என் வாயில் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கரைக்குப் போகிறேன். தட்டைக் கொடுத்து, என் மகளுக்கு இஷ்டமில்லை என்று அவர்கள் ஊர் நடுவில் நின்று சொல்வேன். திட்டுவார்கள், கேட்டுக்கொள்வேன். குழந்தையைக் கதவுக்குள்ளே வைத்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும். அவள் என்னை அடையாளம் மறந்துபோகிற அளவுக்கு நாள் ஆனாலும், அந்த வாசலில் போய் நிற்பதை நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

வந்து கேட்காமல் போன உன் நைனா.