வடக்கு அறைப் பொருட்கள்

ஜூன் 15, 1974

தீவு வீட்டை இன்று திறந்தோம். படகுக்காரர் ஆர்வில் பெட்டிகளை இறக்கிவிட்டு, சமையலறைக் கதவை வழக்கம்போல் இரண்டு கையாலும் தூக்கித் திறந்தார். அது ஒரே கீலில் தொங்குகிறது. அமெரிக்காவின் பாதிக் கதவுகள் டிரஸ்காட் கீலில்தான் ஆடுகின்றன என்று இந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். கீல் விற்றே கோட்டை கட்டியவர்களின் வீட்டில் ஒரு கீலை மாற்ற வழியில்லை.

எல்லாம் என் கணவரின் தாத்தா ஜெடிடையா எழுதிய உயிலால் வந்தது. அவர் இறந்த நாளில் இந்த வீட்டில் என்னென்ன இருந்தனவோ அவற்றுக்குப் பட்டியல் போட வேண்டும். அதில் உள்ள எதையும் அகற்றவோ, இடம் மாற்றவோ, பழுதுபார்க்கவோ கூடாது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் பங்குதாரர் எல்லோரும் ஒருமனதாகக் கையெழுத்திட வேண்டும். அவருக்கு ஐந்து பிள்ளைகள். இன்று பங்குதாரர் அறுபத்தொரு பேர். நாலாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்தக் குடும்பத்தைத்தான் உதாரணமாக வைத்துக்கொள்வேன் (பெயர் சொல்லாமல்). ஒரு கேக்கை ஐந்தாக வெட்டு, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டு, மறுபடி மூன்றாக வெட்டு. கடைசியில் என்ன மிஞ்சும் என்று கேட்பேன். "சண்டை, டீச்சர்" என்றான் ஒரு பயல். முழு மதிப்பெண் போட்டேன்.

என் கணவர் லியாண்டர் இல்லாத முதல் கோடை. வடக்கு அறையில் அவருடைய கட்டில் அப்படியே இருக்கிறது. பட்டியலில் உள்ள கட்டில்.

ஜூன் 16

நாத்தனார் வினிஃப்ரெட் காலையில் எழுந்ததும் இரண்டு வேலை செய்வார். முதலில் கூடத்துப் பாரோமீட்டரை விரலால் இருமுறை தட்டி, மழை வருமா என்று பார்ப்பார். பிறகு பின்கட்டு ஆணியில் தொங்கும் தாத்தாவின் நீச்சலுடைமேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். தாத்தா நீந்திவிட்டு வந்து அதை மாட்டினார், அன்று மாலையே இறந்துபோனார். வக்கீல் அன்றே பட்டியலில் எழுதினார்: "நீச்சலுடை, ஒன்று, ஈரம்." நாற்பத்து மூன்று வருடத்தில் பூச்சி தின்றது போக ஒரு தோள்பட்டைதான் மிச்சம். ஆனாலும் ஈரம்.

"நல்லாத்தான் காயுது" என்றேன் ஒருமுறை.

"பட்டியல் காயாது, டீச்சர்" என்றார்.

வினிஃப்ரெட்டுக்கு எண்பத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தொரு வருடமாக என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

ஜூலை 3

கணவரின் அண்ணன் மகன் சான்ஃபோர்ட் பாஸ்டனிலிருந்து வந்தான். வக்கீல், குடும்பச் சங்கத் தலைவன். நல்ல பிள்ளை, கெட்ட செய்தி சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றுவான். இன்று தொப்பி சுற்றியது.

"சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. விதின்னு ஒன்னு இருக்கே. சித்தப்பா போய் ஒரு வருஷம் ஆனப்புறம் நீங்க… விருந்தாளி."

"விருந்தாளின்னா?"

"கோடைக்கு மூணு ராத்திரி. வடக்கு அறையை அடுத்த வருஷம் வேற யாருக்காவது ஒதுக்கணும். ஆகஸ்ட் கூட்டத்துல எடுப்போம்."

லியாண்டர் போனது நவம்பர் ஒன்பது.

ஜூலை 4

மூணு ராத்திரி. நாற்பத்தொரு கோடை இருந்துட்டு மூணு ராத்திரி. நான் என்ன மாலையில் படகு தவறிய வழிப்போக்கரா? ஊரில் எனக்கு மாடி அறை ஒன்று இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஆலைச் சுவர். அங்கே அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இங்கே எந்தப் பலகை கிறீச்சிட்டாலும் அவர் கால்தான். இதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? விதி எண் போட்டா சொல்ல முடியும்?

ஜூலை 22

பேரிடி. எலி பட்டியலைத் தின்றுவிட்டது. மேசை டிராயரில் முதல் நாலு பக்கம் மட்டும் தப்பியிருக்கிறது. செய்தி பரவியதும் தொலைபேசி ஓயவில்லை. ஒரு கொழுந்தன் உடனே புதுக் கால்மிதி வாங்கிக்கொண்டு படகேறிவிட்டாராம். கால்மிதியை மாற்றும் தீர்மானம் பதினோரு வருடமாகக் கிடக்கிறது: அறுபது பேர் கையெழுத்திட்டாயிற்று, அரிசோனாவில் இருக்கும் ஹொரேஸ் மட்டும் 1958க்குப் பிறகு எந்தக் கடிதத்துக்கும் பதில் போடுவதில்லை. உயிரோடிருக்கிறார்; கிறிஸ்துமஸுக்குப் பேரீச்சம்பழம் அனுப்புகிறார். கையெழுத்து மட்டும் இல்லை.

கால்மிதிக்காரரை வினிஃப்ரெட் படகுத்துறையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 24

சான்ஃபோர்ட் கெஞ்சுகிறான். "சித்தி, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். புதுப் பட்டியல் எழுதித் தாங்க. அத்தைக்கு எல்லாம் மனப்பாடம். அவங்க சொல்லச் சொல்ல எழுதினா போதும்."

என்னை வெளியே அனுப்பப்போகிற வீட்டுக்கு நானே பட்டியல் எழுத வேண்டும். சரி என்றேன். முப்பத்தாறு வருடம் ஆசிரியராக இருந்தவளிடம் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இல்லையென்று சொல்லத் தெரியாது.

ஜூலை 26

நாத்தனார் சொல்ல, நான் எழுத:

கடமான் தலை, ஒன்று, வலது கண் இல்லை. நாற்காலி, ஒன்று, மூன்று கால். (புதிதாகக் கல்யாணமாகி வருபவர்களை அதில்தான் உட்காரவைப்பார்கள். விழாமல் சாப்பிட்டு முடித்தால் குடும்பத்தில் சேர்த்தி. லியாண்டர் மேசைக்கடியில் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றினார்.) பாரோமீட்டர், சுவர்க்கடிகாரம், மசி ஆறு புட்டி: இவை பனியில் கெடும். ஆகவே குளிர்காலத்துக்கு இவற்றைக் குடும்பத்து மூத்தவரின் வீட்டுக்கு (இப்போது வினிஃப்ரெட்டின் பாஸ்டன் வீடு) கொண்டுபோக வேண்டும். அதுவும் உயிலில் உண்டு.

வடக்கு அறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கட்டில் இரண்டு, முக்காலி ஒன்று, ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி ஒன்று.

"அவ்வளவுதானா, அண்ணி?"

அவர் பிரம்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொண்டா, சரிபார்த்துத் தரேன்" என்று பக்கங்களை வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 31

ஆண்டுக் கூட்டம். நாற்பத்து நாலு பேர் வந்தார்கள். நாற்பத்து நாலு பேருக்கும் மூன்று கோழி. பணக்காரர்கள் இப்படித்தான் பணக்காரர்களாக இருக்கிறார்கள்.

முதல் தீர்மானம் புதுப் பட்டியலை ஏற்பது. இதற்குக் கை தூக்கினால் போதும். யாரும் படிக்கவில்லை, எல்லாக் கையும் உயர்ந்தது. இரண்டாவது, வடக்கு அறை. சான்ஃபோர்ட் தொப்பியைத் தேடினான்.

"விருந்தாளி விதிப்படி, நம்ம சித்தி…"

"ஒன்பதாம் பக்கம், பதினாலாவது வரி" என்றார் வினிஃப்ரெட்.

"என்ன அத்தை?"

"படிக்கத் தெரியும்ல?"

அவன் புரட்டினான். முதலில் மனதுக்குள், பிறகு சத்தமாகப் படித்தான்: "வடக்கு அறை. டீச்சர், ஒன்று, ஜன்னலோரம். இடது காது மந்தம்."

நான் எழுதிய வரிகளுக்கு அடியில் வினிஃப்ரெட்டின் கோழிக்கிறுக்கல். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கடமான்கூட ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.

"அத்தை, மனுஷங்களைப் பட்டியல்ல போட முடியாது."

"எந்த விதி சொல்லுது?"

அவன் வக்கீல். யோசித்தான். எந்த விதியும் சொல்லவில்லை.

"சரி, ஒருமனதா கையெழுத்துப் போட்டு அகற்றிடலாமே" என்றார் கால்மிதிக்காரர்.

"தாராளமா. ஹொரேஸுக்கு எழுது."

யாரோ கோழி ஆறுகிறது என்றார்கள். சாப்பிடப் போனோம்.

செப்டம்பர் 1

மனம் உறுத்துகிறது. வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்குத் தவறாகக் குறி போட்டுவிட்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.

"அண்ணி, இது பொய்ப்பதிவு இல்லையா?"

"எது பொய்? நீ டீச்சர் இல்லையா? ஒன்னு இல்லையா? காது கேக்குதா?"

கடைசிக் கேள்வியை அவர் என் இடது பக்கமிருந்து கேட்டார். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 8

வெற்றிக்கும் விலை உண்டு. மதியம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். சான்ஃபோர்ட் தயங்கித் தயங்கி வந்தான். "சித்தி, பட்டியல்ல ஜன்னலோரம்னு இருக்கு." எழுந்து ஜன்னலோரம் போனேன். பட்டாணியையும் அவனே தூக்கிவந்தான்.

செப்டம்பர் 9

மூக்குக்கண்ணாடிச் சட்டம் உடைந்தது. அதை ஒட்டவைப்பது பழுதுபார்ப்பா? சங்கத்தில் மூன்று கடிதங்கள் ஓடுகின்றன. நூலால் கட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 12

வீட்டை மூடும் நாள். ஆர்வில் பட்டியலும் பென்சிலுமாக அறை அறையாகப் போய், ஒவ்வொன்றுக்கும் குறி போட்டு வெள்ளைத் துணி போர்த்தினார். வடக்கு அறையில் நான் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் எந்த ஊர் விலாசம் எழுதுவது என்று தெரியாமல் வெறும் அட்டையைக் கட்டியிருந்தேன். இனி மாடி அறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் பட்டியலில் உள்ள பொருள் தீவை விட்டுப் போகலாமா?

ஆர்வில் கட்டில்களைப் போர்த்தினார், முக்காலியைப் போர்த்தினார். என் முன்னால் வந்து துணியைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மா, உங்களை என்ன பண்றது? எனக்கு இருபத்தஞ்சு வருஷ அனுபவம், இப்படி ஒன்னு வந்ததில்ல."

"நான் ஆட்சேபிக்கல, ஆர்வில்."

அவர் துணியை மடித்து, குளிருக்குப் போர்த்துவதுபோல என் தோளில் போட்டார். அப்போது வினிஃப்ரெட் வாசலில் நின்று, "அடுத்த பக்கம் பாரேன்" என்றார்.

பனியில் கெடுபவை என்ற தலைப்பு. ஆர்வில் வாசித்தார்: "பாரோமீட்டர் ஒன்று, சுவர்க்கடிகாரம் ஒன்று, மசி ஆறு புட்டி, டீச்சர் ஒன்று."

படகில் பாரோமீட்டரை என் மடியில் வைத்தார்கள். பாஸ்டனில் வினிஃப்ரெட் வீட்டு வாசலில் ஆர்வில் ரசீது நீட்டினார். "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று அச்சடித்திருந்தது. நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல நிலையில்" என்பதை அடித்துவிட்டு, "பழையபடி" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நவம்பர் 9

இன்றோடு ஒரு வருடம். விதிப்படி இன்று முதல் நான் விருந்தாளி.

விழித்தபடி படுத்திருந்தேன். கூடத்தில் வினிஃப்ரெட் பாரோமீட்டரை இருமுறை தட்டுவது வலது காதில் கேட்டது. செருப்பொலி நடைவழியில் வந்து என் கதவுக்கு வெளியே நின்றது. கதவிலும் இருமுறை.

"மழைன்னு காட்டுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எழுந்துட்டியா, ஐடா?"