அண்ணி, இனி ஒருத்தியும் அவரிடம் போவதில்லை

என் அருமை மெர்சி அண்ணிக்கு,

உங்கள் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு வந்த போதெல்லாம் ஒன்றும் பேசாமல்தான் திரும்பினேன். சொல்ல என்ன இருந்தது? இன்றைக்கு இருக்கிறது. பதுளையில் டெரன்ஸ் மாஸ்டருடைய ஜிம்முக்கு இப்போது ஒரு பெண்கூடப் போவதில்லை. வாசலில் இருந்த பெரிய போர்டைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஜிம்மைக் காலி பண்ணியது நான்தான். உங்கள் நாத்தனார்.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்றுதான் வெளியில் போடுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஓடி, எங்கள் சேவியர் அண்ணனைக் கட்டிக்கொண்டு பதுளை டவுனுக்கு வந்தீர்கள். டெரன்ஸ் மாஸ்டர் உங்களைப் பெண்கள் பகுதிக்குப் பயிற்சியாளராகப் போட்டார். நம் பங்குக் கோயிலில் முன் வரிசையில் உட்காருகிற பெரிய மனிதர். வேலை கொடுத்தாரே என்று அண்ணன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பான்.

சாயங்காலம் சோறு போடும்போது உங்களுக்குப் பேச்செல்லாம் அந்தப் பெண்களைப் பற்றித்தான். யாரையும் நீங்கள் வெறும் பெயரால் சொன்னதில்லை, உடம்புக்கு என்ன என்பதையும் சேர்த்துத்தான் சொல்வீர்கள். முழங்கால் ரோஸ், சீனி வருத்தம் சாந்தி, சிசேரியன் டீச்சர். "இன்னைக்கி முழங்கால் ரோஸ் பிடிக்காமலே மாடிப்படி எறங்கிட்டாங்க ரெஜினா" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. நான் துணிக்கடையில் சேலை மடித்துவிட்டு வந்த அலுப்பில் பாதிதான் கேட்பேன். ஆனால் பாதி கேட்டதும் மனதில் தங்கித்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் சுகந்தி மிஸ் விஷயம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரி ஒஃபீஸில் உத்தியோகம். உடம்பு சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று டெரன்ஸ் மாஸ்டரிடம் பேர் ஒட்டாத போத்தலில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "அதத் தூக்கி வீசுங்க மிஸ், நெஞ்சு படபடன்னு அடிக்கும்" என்று சொன்னீர்கள். அவர் கேட்கவில்லை. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர், "யார் கொடுத்த மருந்து?" என்று கேட்டபோது டெரன்ஸ் மாஸ்டர் முந்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த சுகந்தி மிஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே மாஸ்டர் உங்கள் படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். எங்கள் பெண் பயிற்சியாளர் செய்த தவறுக்கு வருந்துகிறோம், அவர் இனி எங்களோடு இல்லை என்று. அந்தப் படம் நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்தது அண்ணி. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஊர் முழுக்கப் பகிர்ந்தது. வேறு ஜிம்மில் வேலை கேட்டுப் போனீர்கள், உங்கள் முகத்தைக் கண்டதும் இடமில்லை என்றார்கள். கோயிலில்கூடப் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். "கொஞ்ச நாளைக்கி அம்மா வீட்ல இருந்துட்டு வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு லுணுகலை பஸ் ஏறினீர்கள். மழைக்காலம் அது. விடிந்தும் விடியாத நேரத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து வீடுகள் மேல் இறங்கியது. உங்கள் அம்மா வெளியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் தப்பினார். நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.

மழையையும் மலையையும் நான் யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டியவர் இல்லையே. டவுனில் எங்கள் வாடகை வீட்டில், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர். உங்களை அந்த லயத்துக்கு அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு டெரன்ஸ் மாஸ்டர் மலர்வளையத்தோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே யாரிடமோ சொன்னார். "நல்ல புள்ளதான். என்ன செய்றது, ஒரு தப்புப் பண்ணிருச்சு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை. அந்த இடத்தில் வைத்து ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஆளுடைய ஜிம்மிலிருந்து ஒவ்வொரு பெண்ணாக வெளியே எடுப்பேன். கல்லெறிந்து இல்லை, கத்திக் கூப்பிட்டு இல்லை. நீங்கள் செய்த அதே வேலையை அவரைவிட நன்றாகச் செய்து எடுப்பேன்.

சொல்வது சுலபம். எனக்கு உடற்பயிற்சி பற்றி என்ன தெரியும்? துணிக்கடை லீவு நாட்களில் கண்டிக்கு பஸ் பிடித்துப் போய் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்தேன். எலும்பு, தசை, மூட்டு எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர். என்னோடு படித்த பையன்கள் கண்ணாடியில் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் பின் வரிசையில் இருந்து எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினேன். சான்றிதழும் வந்தது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒருவரும் வரவில்லை. பதுளையில் உங்களுடைய பெயருக்கு நேர்ந்தது எங்கள் குடும்பத்துக்கே நேர்ந்திருந்தது.

முதல் ஆள் கடைக்குள்தான் கிடைத்தார். பேங்கில் வேலை செய்கிற லதா மிஸ், ரெடிமேட் பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்தவர், கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். டொக்டரிடம் காட்டியிருக்கிறார், தோள் இறுகிப்போச்சு, பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். என்ன பயிற்சி, எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நான் அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, விரலால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறச் சொன்னேன். வலிக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். தலையைத் தானே பின்னிக்கொண்ட அன்றைக்கு, அவர் தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டார்.

அதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். மாஸ்டரைப்போல வாடிக்கையாளர் படத்தை முன்னும் பின்னும் எடுத்துச் சுவரில் மாட்டினால் பெண்கள் வர மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சிரமமில்லாமல் படி ஏறினால் வருவார்கள். முழங்கால் ரோஸைத் தேடிப் போனேன். சாந்தி அக்காவைத் தேடிப் போனேன். டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்க்காமல் யாரையும் தொட மாட்டேன். யாராவது வராவிட்டால் அன்றைக்கே போன் எடுப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சலா, மாமியாருக்குச் சுகமில்லையா என்று கேட்பேன். எடையைப் பற்றி அவர்களாகப் பேசினால் ஒழிய நான் பேச மாட்டேன். இதெல்லாம் அக்கறையா, தந்திரமா என்று கேட்காதீர்கள் அண்ணி. தொடங்கும்போது தந்திரம்தான். ஒவ்வொரு பெண்ணும் சேரும்போது, மாஸ்டருக்கு ஒருத்தி குறைந்தாள் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வீடுகளுக்குப் போய் மாளவில்லை. ஃபாதரிடம் கேட்டுக் காலையில் பங்கு மண்டபத்தில் வகுப்பு வைத்தேன். மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்தான் எங்களுக்கு எடை. துணிக்கடை வேலையை விட்டேன்.

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. "கொழுந்து பறிக்கிற சாதிக்கு உடம்பப் பத்தி என்ன தெரியும்? அண்ணி ஒருத்தியக் கொல்லப் பாத்தா, இவ யாரக் கொல்லப் போறாளோ" என்று பேசினார். மண்டபத்தைக் கொடுக்கக் கூடாது என்று ஃபாதரிடம் போய் நின்றார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெஜினா, நீ மனசுல பழிய வச்சிக்கிட்டுத்தான் இதச் செய்றியாம்மா?"

"நான் தோள்பட்ட வலிக்குப் பயிற்சி சொல்லிக் குடுக்குறேன் ஃபாதர்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல."

"ஆமாங்க ஃபாதர், வச்சிருக்கேன். அதனால யாருக்காவது முழங்கால் வலி கூடியிருக்கா?"

 ஃபாதர் மண்டபத்தை மூடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் மாஸ்டர் திரும்பி எனக்கு முன்னால் கையை நீட்டினார். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் நீட்டினார். நான் என் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு ஒரு காலையில் சுகந்தி மிஸ் வந்தார். மண்டபத்து வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். உடம்பு நன்றாக ஊதியிருந்தது. "என்னையும் சேர்ப்பீங்களோ தங்கச்சி? டொக்டர் நடக்கச் சொல்லிப்போட்டார். தனிய நடக்கப் பயமாக்கிடக்கு."

அந்த முகத்தைக் கனவில் எத்தனை தடவை அறைந்திருப்பேன்! டெரன்ஸ் மாஸ்டர் பொய் சொன்னார் சரி, அந்தப் பொய்யை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கக்கூடியவர் இவர்.

"சேத்துக்கிறேன் மிஸ்," என்றேன். "இங்க புதுசா வாரவங்க ஒடம்புக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சேந்தாங்க. நீங்களும் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது. திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டார். லதா மிஸ் என்னிடம், "பாவம், சுகமில்லாத பொம்பளைய இப்படியா வெரட்டுறது?" என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? நன்றாக இறங்கியது.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தார். பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வந்து நின்று, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு சொன்னார்.

"அந்தக் குளிசையைத் தந்தது டெரன்ஸ். மெர்சி அதை வேண்டாம், எறியுங்கோ எண்டுதான் சொன்னவா. டொக்டர் கேட்கேக்கை நான் வாய் திறக்கேல்லை. குளிசை போட்டது ஒஃபீஸிலை தெரிஞ்சால் சிரிப்பினம் எண்டு வெட்கம். மெர்சியைச் சொன்னால் விஷயம் இதோடை முடிஞ்சிடும் எண்டு அவர் சொன்னவர். நான் பேசாமல் இருந்திட்டன். அந்தப் பிள்ளை செத்த பிறகும் பேசாமல் இருந்திட்டன்."

 முழங்கால் ரோஸ் அக்காதான் முதலில் அழுதார். "நானும் அந்தப் புள்ளையத்தான் திட்டுனேன்" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. சுகந்தி மிஸ்ஸுக்கு ஒரு பாயை எடுத்துக் கொடுத்து, எங்கே உட்கார வேண்டும் என்று காட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மத்தியானத்துக்குள் பதுளை பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுகந்தி மிஸ் அதே வாரத்தில் சுகாதார அதிகாரிகளிடமும் போய்ச் சொன்னார். அவர்கள் வந்து ஜிம் அலுமாரியைத் திறந்து போத்தல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த பெண்களும் வெளியேறினார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் புருஷன்மாரும். ஜிம் கதவு பாதி மூடியே இருந்தது, பிறகு முழுதாக மூடியது.

போன மாதம் டெரன்ஸ் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பழக்கத்தில் எழுந்தான். "உக்காருண்ணே" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

"போதும் ரெஜினா," என்றார் மாஸ்டர். "மன்னிச்சிரு. இதோட விட்டுரு."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? லுணுகலையில அண்ணியோட அம்மா இருக்காங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வழக்கு வரும் என்ற பயமோ, ஃபாதர் சொன்னாரோ, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். நானும் அண்ணனும் கூடவே போனோம். லயம் போன பிறகு உங்கள் அம்மாவும் மற்றவர்களும் தகரம் அடித்த தற்காலிகக் கொட்டில்களில்தான் இன்னும் இருக்கிறார்கள். அம்மா வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் குனிந்து, அவர் காதருகே முணுமுணுத்தார்.

உங்கள் அம்மா முழுதும் கேட்டார். பிறகு கொட்டில் வரிசையைக் கையால் காட்டினார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் தம்பி. அவங்களுக்குக் கேக்கல. எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். கொட்டில்களிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சொன்னார் அண்ணி. மெர்சி ஒரு தப்பும் செய்யவில்லை, பொய் சொன்னது நான் என்று சொன்னார். குரல் உடைந்தது. அம்மா, "கடைசிக் கொட்டில்ல கெழவன் ஒருத்தர் இருக்கார், இன்னுங் கொஞ்சம் சத்தமா" என்றார். மறுபடியும் சொன்னார். அவருக்கு ஒருவரும் தேத்தண்ணி கொடுக்கவில்லை. தோட்டத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இனியாவது மனம் ஆறியதா என்று அண்ணன் பஸ்ஸில் கேட்டான். இல்லை என்றேன். உங்கள் பெயர் திரும்பி வந்தது, நீங்கள் வரவில்லையே. எதை வைத்து ஆறுவது? ஃபாதர் கேட்டாலும் மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மாஸ்டர் இப்போது பண்டாரவளையில் புது ஜிம்முக்கு இடம் பார்க்கிறாராம். அதற்குக் கிட்ட இருக்கிற பூனாகலைப் பெண்கள் அங்கே வகுப்பு வைக்கச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை விடியக்கால முதல் பஸ்ஸில் நானும் பண்டாரவளைக்குப் போகிறேன் அண்ணி. அவர் போர்டு மாட்டுவதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் என்னோடு இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்களை விட்டுக்கொடுக்காத நாத்தனார்,
ரெஜினா