பாங்கு கேட்ட நேரம்

அன்புள்ள உங்களுக்கு,

பெருநாளுக்கு நாற்பது பேர் என்னிடம் பாத்திக் துணி கேட்டிருக்கிறார்கள். நான் ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் நேராக அவர்கள் வீட்டுக்கே அனுப்புவதாகத் துணி வியாபாரி ஹெர்மாவான் சொன்னார். பக்கத்து ஊர் பெக்காலோங்கானில் பட்டறையாம். வீடியோவில் காட்டச் சொன்னேன்.

"நம்புங்கக்கா, நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

அவருக்குப் பின்னால் அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. என் ஜன்னலில் வெயில் இன்னும் பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. பெக்காலோங்கானிலும் இங்கும் சூரியன் ஒன்றாகத்தான் மறையும்.

"எந்த ஊர்ல தம்பி இப்பவே இருட்டுது?" என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பப்புவாவில் நமக்கு இரண்டு மணி நேரம் முன்பே இருட்டிவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நேற்று அங்கிருந்து பேசினீர்களே, அப்போது உங்கள் பக்கமும் என் பக்கமும் அந்திப் பாங்கு ஒன்றாகக் கேட்டது. கனவில் கேட்பதுபோல அழகாக இருந்தது.

சமைத்து வைக்கிறேன். பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி