பெரிய கிராணியும் சின்ன கிராணியும்

7 ஜூலை 2025, திங்கள்
நித்தியா மறுபடியும் கையைச் சுட்டுக்கொண்டாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். சாம்பார் இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. வளையலைக் கழற்றி மருந்து போட்டேன். "ரவாங் ஆபீஸ்காரங்களுக்கு இன்னும் பதில் போடலைங்க" என்கிறாள். இவளை என்னதான் செய்வது? வீட்டில் சமைத்து விற்கும் மதியச் சாப்பாட்டுக்குத் தினம் எழுபது ஆர்டர் மெசேஜ் வருகிறது. இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன்.

9 ஜூலை, புதன்
என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் லிங்கேஸ்வரன் வந்தான். ஆர்டருக்குப் பதில் எழுத இரண்டு ஏஐ மாடல்களை வாட்ஸ்அப்பில் இணைத்துக் கொடுத்தான். பெரியதற்கு மாதம் நூற்றெண்பது மலேசிய வெள்ளி ஆகுமாம், சின்னதற்குப் பதினைந்து. எஸ்டேட்டில் பிறந்தவள் அல்லவா, நித்தியா உடனே தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாக்களைச் சொல்வதுபோல் பெரிய கிராணி, சின்ன கிராணி என்று பேர் வைத்துவிட்டாள். "ரெண்டும் நல்லா எழுதும், அரிசி களையாது லா."

12 ஜூலை, சனி
இன்று பரீட்சை. அவள் முன்பு பதில் போட்ட நாற்பது மெசேஜை எடுத்து, பதிலை மறைத்து, இரண்டிடமும் கொடுத்தேன். பெரியதில் முப்பத்தெட்டு சரி. தமிழ், மலாய், இங்கிலீஷ் எல்லாம் கலந்து கட்டினாலும் அசரவில்லை. சின்னதில் முப்பத்திரண்டு. "போன வாரம் மாதிரியே" என்று ஒருவர் கேட்டதற்கு, அது பாட்டுக்கு ஒன்பது கோழிச் சாப்பாடு என்று எழுதிவைத்தது.
பெரியதே இருக்கட்டும். அவள் கையைவிட நூற்றெண்பது வெள்ளி பெரிதா?

13 ஜூலை, ஞாயிறு
விலையைக் கேட்டவள் சுட்ட கையோடு பாத்திரம் கழுவப் போனாள். பிடுங்கி நான் கழுவினேன்.

15 ஜூலை, செவ்வாய்
மனசே சரியில்லை.
புக்கிட் பெருந்துங் இராஜம்மா அக்கா, நித்தியாவோடு எஸ்டேட்டில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர். காலையில் அவர் மெசேஜ்: 'நித்தியா, அவரு ராத்திரி தவறிட்டாரு. மத்தியானத்துக்கு இருபது சாப்பாடு வேணும்மா.' பெரியது பதில் போட்டுவிட்டது. அவ்வளவு உருக்கமாக எனக்கு எழுத வராது. ஆனால் கீழே — நூற்றறுபது வெள்ளி, எங்கள் பேங்க் நம்பர்.
"இழவு வீட்டுக்குச் சோறு குடுத்துக் காசு கேப்பாங்களாங்க?" என்று கேட்ட நித்தியா பானையைக் காரில் ஏற்றினாள்.
அங்கே போனதும் அக்கா சொன்னார்: "அழகா எழுதியிருந்தியேம்மா. காசைப் பாத்ததும், நம்ம நித்தியாவான்னு ஆயிருச்சு."
நித்தியா அவர் மடியில் விழுந்து அழுதாள். வேலையைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். அக்கா என்னைச் சாப்பிடச் சொன்னார்.

16 ஜூலை, புதன்
அதே மெசேஜைச் சின்னதிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வரி அனுதாபம், அதே நூற்றறுபது.
நாற்பதில் ஒரு சாவுச் செய்திகூட இல்லையே, ஏன்? பழையதையெல்லாம் தேடினேன். நாலு இருந்தன. ஒன்றுக்கும் நித்தியா பதில் எழுதவில்லை. படித்ததும் பானையோடு கிளம்பிப் போயிருக்கிறாள். பதில் இல்லையென்று அவற்றை ஒதுக்கியது நான்.

20 ஜூலை, ஞாயிறு
சின்னதுக்கு இரண்டு விதி எழுதினேன். புரியாவிட்டால் நீயாக எழுதாதே, திருப்பிக் கேள். சாவு, நோய் என்று வந்தால் ஒரு வார்த்தையும் எழுதாதே, நித்தியாவிடம் கொடு. திருப்பிக் கேட்டதையும் சரியென்று வைத்தால், அதே நாற்பதில் இப்போது முப்பத்தெட்டு. பெரியதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

30 ஜூலை, புதன்
நேற்று அக்கா வீட்டில் பதினாறாம் நாள். 'காரியத்துக்கு நீயே வந்து சமைச்சுக் குடும்மா' என்று அவர் அனுப்பியதைச் சின்ன கிராணி தொடாமல் நித்தியாவிடம் தள்ளியிருந்தது.
இன்று வந்த அறுபத்தெட்டுக்கும் அதுவே பதில் போட்டது. போன் ஹாலில் கிடக்கிறது. சமையலறையில் வளையல் சத்தம் கேட்கிறது.